மீட்பு யார் கையில்? – கணினி மீள்நிறுவலும் கற்றோர் மனப்பாங்கும்

2025 ஒக்டோபர் 14ஆம் திகதி கணினி உலகில் இரு நிகழ்ச்சிகள் ஒருங்கே நிகழ்ந்தன. பத்தாண்டுகளாக வழக்கிலிருந்த விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கான பொது ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் அன்றுடன் முடித்துக்கொண்டது. அதே நாளில், அதன் வழித்தோன்றலாகிய விண்டோஸ் 11க்கென அந்நிறுவனம் வெளியிட்ட மாதாந்த இற்றைப்படுத்தல், பொறி பழுதுற்றவிடத்துத் திறக்கும் மீட்புத் திரையில் யூஎஸ்பி விசைப்பலகையையும் சுட்டியையும் செயலிழக்கச் செய்தது. மீட்புக்கான தெரிவுகள் யாவும் திரையில் தோன்றின. அவற்றுள் ஒன்றையேனும் தெரிவதற்கு வழியிருக்கவில்லை. ஆறு நாட்களின் பின், 20ஆம் திகதி, திருத்தம் வெளியாயிற்று. ஆனால் அத்திருத்தத்தைப் பெறுவதற்குப் பொறி ஒழுங்காக இயங்கவேண்டும். இயங்காத பொறியை மடியில் வைத்துக்கொண்டிருந்தவனுக்கு அது கிட்டாக் கனி. தொடுதிரையோ, முன்னரே ஆக்கிவைத்த புறமீட்புச் சாதனமோ உடையோரே தப்பினர்.

இது தனித்த நிகழ்ச்சியன்று. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்து இற்றைப்படுத்தலின் பின் விண்டோஸ் 10இலும் விண்டோஸ் 11இன் முந்திய பதிப்புகளிலும் கணினியை மீளமைக்கும் வசதியே தோல்வியுற்றது. ஒரு வாரங் கழித்து, 19ஆம் திகதி, அதற்கும் அவசரத் திருத்தம் வந்தது. 2024 ஜனவரியில் விண்டோஸ் 10க்கு வந்த இன்னோர் இற்றைப்படுத்தல் மீட்புப் பிரிப்பில் 250 மெகாபைற் வெற்றிடத்தை வேண்டிநின்றது. அவ்விடம் இல்லாத பொறிகள் மலிந்திருந்தன. இடத்தைப் பெருப்பிக்கும் வேலை பயனரின் தலையிலேயே விழுந்தது. கரிய கட்டளைத் திரையைத் திறந்து, வன்தட்டின் பிரிப்பைச் சுருக்கி, மீட்புப் பிரிப்பை அழித்துப் புதிதாக ஆக்குமாறு அவர் பணிக்கப்பட்டார். கட்டளைத் திரை என ஒன்று உண்டென்பதையே அறியாதாரிடம் அவ்வேலை ஒப்படைக்கப்பட்டது.

மைக்ரோசொப்டை ஏசுவது எளிது. அவ்வேலையை உலகம் செவ்வனே செய்துவருகின்றது. தமிழ்பேசும் கற்றோர் இவ்விடயத்தில் ஏன் வாய்மூடி இருக்கின்றனர் என்பதே இங்கு எழுப்பப்படவேண்டிய வினா.

அம்பாறைக் கரையோரத்தில், ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையே கடலையும் வயலையும் நம்பி வாழும் ஊர் பாலமுனை. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக அட்டாளைச்சேனையில் தொடங்கி, மறு ஆண்டு முழுப் பல்கலைக்கழகமாகி, ஒலுவிலில் நிலைபெற்றது. ஆகவே பாலமுனை மாணவனுக்குப் பல்கலைக்கழகம் என்பது அயலூர்ச் சமாச்சாரம். மடிக்கணினி இல்லாத மாணவ வீடு இன்று அங்கு அரிது. கடன்பட்டு வாங்கியது, வெளிநாட்டிலுள்ள மாமா அனுப்பியது, மூத்தவர் பாவித்துக் கொடுத்தது என அவை பலவகைப்படும். அவற்றுள் ஒன்று, ஆய்வறிக்கை ஒப்படைக்கவேண்டிய வாரத்தில், நீலத்திரை காட்டி நின்றுவிடுகிறது எனக் கொள்வோம். மீட்புத் திரை வருகிறது. மீளமை என்பதை மாணவன் அழுத்துகிறான். நூற்று வீதம் ஏறி இறங்கி, மீளமைப்பதிற் சிக்கல் ஏற்பட்டது, மாற்றமெதுவும் செய்யப்படவில்லை என்னும் பொருள்பட ஓர் ஆங்கில வாசகம் தோன்றுகிறது. விடிந்ததும் அக்கரைப்பற்றுக்கோ கல்முனைக்கோ பஸ் ஏறுகிறான்.

கடையில் நடக்கும் உரையாடல் எங்கும் ஒன்றே. “காக்கா, உள்ளுக்க இருக்கிற பைல் எல்லாம் போயிருமா?” “போமட் அடிச்சாப் போகுந்தானே தம்பி.” மாலையில் பொறி புத்தம்புதிதாய் மின்னுகிறது. இரண்டாண்டுக் குறிப்புகளும், கள ஆய்வின் ஒலிப்பதிவுகளும், மறைந்த வாப்பாவின் படங்களும் இல்லை. அவற்றோடு, கள்ளத் திறப்பினாற் செயற்படும் விண்டோஸ் ஒன்றும், அத்திறப்போடு ஒட்டிவந்த இன்னும் சிலவும் உள்ளே குடியேறியிருக்கக்கூடும்.

இவ்விடத்துக் கடைக்கார இளைஞனைக் குற்றவாளியாக்குவது கற்றோர் வழக்கம். அது நியாயமன்று. அவனிடம் கேட்கப்பட்டது விண்டோஸ் போடுதல். அதனை அவன் அரைநாளில், தான் கையாற் கற்ற முறையில், செய்து கொடுத்தான். ஆய்வறிக்கையின் பெறுமதி அவனுக்குச் சொல்லப்படவில்லை. சொல்லவேண்டியவனுக்கும் என்ன கேட்கவேண்டும் என்று தெரிந்திருக்கவில்லை. அறியாமை கடையின் மேசைக்கு இப்பாலேயே இருந்தது. அப்பக்கத்தில் நிற்பவன் பட்டம் பெறப்போகின்றவன் என்பதே இதிலுள்ள வெட்கம்.

‘உள்ளமைந்த மீட்பு’ எத்தகையது என்பதைச் சற்று விரித்து நோக்குதல் வேண்டும். 1990களிற் கணினி வாங்கியவனுக்கு முறைமை வேறாகக் கையிற் கிடைத்தது. விண்டோஸ் 95 இறுவட்டாகவும் பதின்மூன்று நெகிழ்தட்டுகளாகவும் வந்தது. பொறி எத்துணை கெட்டாலும் மேசை இழுப்பறையில் இன்னொரு பிரதி இருந்தது. பின்னர் உற்பத்தியாளர் செலவு குறைக்கத் தொடங்கினர். இறுவட்டு மறைந்தது. வன்தட்டின் ஒரு மூலையில் மறைத்துவைத்த பிரிப்பு அதன் இடத்தைப் பிடித்தது. 2007இல் வந்த விஸ்ராவுடன் இன்றைய மீட்புச் சூழல் அறிமுகமாயிற்று. 2012இல் விண்டோஸ் 8 மீளமைக்கும் பொத்தானைத் தந்தது. 2015இல் விண்டோஸ் 10 இன்னும் ஒருபடி சென்றது. தட்டில் இடத்தை மிச்சம்பிடிப்பதற்காக, தனியான மீட்புப் படிமத்தையும் கைவிட்டு, இயங்கிக்கொண்டிருக்கும் முறைமையின் சொந்தக் கோப்புகளிலிருந்தே புதிய முறைமையைக் கட்டியெழுப்பும் முறை கையாளப்பட்டது.

இதன் பொருளை வயற்காரன் உடனே விளங்கிக்கொள்வான். விதைநெல்லை உண்ணும் நெல்லோடு ஒரே குவியலில் வைப்பதில்லை. குவியலுக்குப் பூஞ்சணம் பிடித்தால் விதையும் போகும். தன் கோப்புகளையே கொண்டு தன்னைப் புதுப்பிக்கும் முறைமை, அக்கோப்புகள் நல்லனவாக இருக்கும்வரையே புதுப்பிக்கும். இற்றைப்படுத்தல் இடைநடுவில் நின்று கோப்புகள் சிதைந்திருப்பின், அல்லது தட்டே சாகத்தொடங்கியிருப்பின், மீட்பும் நோயும் ஒரே உடலில் உள்ளன. மீட்பு மிகுதியாகத் தேவைப்படும் வேளையே அது தோற்பதற்கு மிகுந்த ஏதுவுள்ள வேளையாகிறது.

இற்றைப்படுத்தல் இடைநடுவில் நிற்பது இலங்கையில் அரிதான விபத்தன்று. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு நடைமுறையிலிருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருளில் மூழ்கியபோது, பாணந்துறை உபமின்நிலையத்திற் புகுந்த ஒரு குரங்கே காரணமெனப் பொறுப்புவாய்ந்தோர் கூறினர். குரங்கின் பங்கு எவ்வளவோ, மின்கலம் செத்த பழைய மடிக்கணினிக்கும் தடையிலா மின்வழங்கி இல்லாத அலுவலகக் கணினிக்கும் நேர்ந்தது ஒன்றுதான். அமெரிக்காவில் இருந்துகொண்டு மீட்பு முறையை வகுத்தவர்கள் நிலையான மின்சாரத்தையும் நிலையான இணையத்தையும் எடுகோளாகக் கொண்டனர். 2020இல் இணையத்திலிருந்து இறக்கி மீளமைக்கும் தெரிவு சேர்க்கப்பட்டதும் அவ்வெடுகோளின் விளைவே. அது நான்கு கிகாபைற்றுக்கு மேல் தரவை விழுங்கும். கைத்தொலைபேசியின் தரவுப் பொதியில் வாழும் மாணவனுக்கு அது ஒரு மீட்பா என்பதை வகுத்தவர் எண்ணியிருக்கமாட்டார்.

கரையோர மக்களுக்கு இந்தப் பாடம் புதியதன்று. 2004 டிசெம்பர் 26இல் இலங்கையில் மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. அன்று உறுதிகளும் சான்றிதழ்களும் மண ஒப்பந்தங்களும் வீட்டோடு போயின. அலுமாரியில் மூலமும் அதே அலுமாரியிற் பிரதியும் வைத்திருந்தோர் இரண்டையும் இழந்தனர். வேறோரிடத்திற் பிரதி இருந்தவையே திரும்பக் கிடைத்தன. இருபதாண்டுகளின் பின், அதே கரையின் பிள்ளைகள் தம் எழுத்தனைத்தையும் ஒரே தட்டில் வைத்து, அத்தட்டின் மூலையிலேயே அதன் மீட்பையும் வைத்திருக்கின்றனர்.

இதற்கு மாற்று யாது? மாற்று மிக எளியது. எட்டு கிகாபைற் கொள்ளளவுள்ள பென் ஒன்று. இயங்குகின்ற வேறொரு கணினி. மைக்ரோசொப்ட் இலவசமாகத் தரும் நிறுவல் ஊடக ஆக்கி. பென்னில் முன்பிருந்தவை அழியும் என்பதை மட்டும் நினைவிற் கொள்ளவேண்டும். பழுதுற்ற பொறியில் அதனைச் செருகி, மின்னூட்டிய கணமே எஃப் 12, எஃப் 9, எஸ்கேப் என உற்பத்தியாளருக்கேற்ப மாறும் விசையை அழுத்தினால், பொறி தன் வன்தட்டைப் புறக்கணித்துப் பென்னிலிருந்து தொடங்கும். மீட்பு இப்போது பொறிக்கு வெளியே, உடையவன் கையில் இருக்கிறது.

இங்குதான் கடைவழக்குக்கும் அறிவுக்கும் இடையிலான வேறுபாடு தொடங்குகிறது. ‘போமட் அடித்தல்’ என்பதும் மீள்நிறுவுதல் என்பதும் ஒன்றெனவே ஊரெங்கும் கருதப்படுகிறது. இரண்டும் வேறு. பொறி தட்டுத்தடுமாறியேனும் விண்டோசுக்குள் நுழையுமாயின், அதனுள்ளிருந்தே பென்னிலுள்ள நிறுவியை இயக்கி, கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொண்டு முறைமையை மாத்திரம் புதுப்பிக்கலாம். நுழையாதாயினும், பழைய பிரிப்பை அழிக்காமல் அதன்மேலேயே நிறுவும்போது, முந்திய முறைமையும் பயனர் கோப்புகளும் ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்னும் உறையினுள் ஒதுக்கப்படுவது நெடுங்கால வழக்கம். அதனை மட்டும் நம்பியிருப்பதும் அறிவீனமே. நிறுவுவதற்கு முன், லினக்ஸ் வகை முறைமையொன்றை இன்னொரு பென்னிலிருந்து நிறுவாமலே இயக்கி, ஆவணங்களைப் புறத்தட்டொன்றுக்குப் பிரதிசெய்துகொள்வதே முறையான ஒழுங்கு. விண்டோஸ் இறந்த பொறியிலும் தட்டு உயிரோடிருந்தால் கோப்புகள் அப்படியே கண்முன் விரியும். அதனை முதன்முறை காண்பவன், தான் இதுகாறும் எத்தனை முறை வீணாக இழந்தோம் என எண்ணாதிருக்கமாட்டான்.

இடையில் ஒரு பொறி உண்டு. 2024இன் பிற்பகுதியில் வெளியான விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து, மைக்ரோசொப்ட் கணக்கோடு புதிதாக நிறுவப்படும் தகுதியுள்ள பொறிகளில் தட்டு தானாகவே மறைகுறியாக்கப்படுகிறது. அதனைத் திறப்பதற்கு நாற்பத்தெட்டு இலக்க மீட்புத் திறவுகோல் வேண்டும். அது அக்கணக்கிற் சேமிக்கப்பட்டிருக்கும். கணக்கோ, பொறி வாங்கிய அன்று கடைமேசையில் அவசரத்துக்கு உருவாக்கப்பட்டதாயிருக்கும். கடவுச்சொல் எவருக்கும் நினைவிராது. நகையை அடகுவைத்தவன் சீட்டைத் தொலைத்தால் என்னாகும் என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். மீட்டல் என்னும் சொல்லைத் தமிழர் அன்றாடம் வழங்குவது அடகுக் கடையிலேதான். சீட்டு எப்போதும் நகையோடு வைக்கப்படுவதில்லை. நாற்பத்தெட்டு இலக்கங்களை ஒரு கொப்பியின் கடைசித் தாளில் எழுதிவைப்பதற்கு எந்தத் தொழினுட்பமும் தேவையில்லை.

2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான இற்றைப்படுத்தலொன்று ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் பொறிகளை வீழ்த்தியபோது, விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் வங்கிகளும் அவ்விலக்கங்களையே தேடி அலைந்தன. அழிக்கவேண்டியிருந்தது ஒரேயொரு கோப்பு. ஆனால் பொறி ஒவ்வொன்றின் முன்னும் ஆளொருவர் அமர்ந்து மீட்புத் திரையைத் திறக்கவேண்டியிருந்தது. செல்வம் மிகுந்த நிறுவனங்களுக்கும் கடைசியில் வேண்டப்பட்டது, செய்யத் தெரிந்த ஒரு கை.

உரிமம் பற்றிய அறியாமை இதனினும் கொடியது. மீள்நிறுவினாற் புதிய விண்டோஸ் வாங்கவேண்டும், வாங்க வசதியில்லை, ஆகவே கள்ளப் பிரதியே கதி என்பது பரவலான நம்பிக்கை. உண்மை நேர்மாறானது. 2012இல் விண்டோஸ் 8 வந்த காலந்தொட்டு, விண்டோசுடன் விற்கப்படும் மடிக்கணினிகளில் உரிமத் திறவுகோல் பொறியின் நிலைபொருளிலேயே பதிக்கப்பட்டு வருகிறது. அதே வகைப் பதிப்பை மீள நிறுவி இணையத்தோடு இணைத்தால் அது தானாகச் செயற்படும். விலை பொறியின் விலையோடு முன்பே செலுத்தப்பட்டாயிற்று. நடப்பதோ வேறு. குடும்பப் பாவனைப் பதிப்புக்கு உரிமமுள்ள பொறியில், ‘புரோ’ என்றால் மேலானதெனக் கருதி அப்பதிப்பு நிறுவப்படுகிறது. உரிமம் பொருந்தாமையாற் செயற்பட மறுக்கிறது. உடனே கிராக் வருகிறது. தனக்கு உரிமையான பொருளை எறிந்துவிட்டு, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் தடைசெய்த பொருளைக் காசுகொடுத்து வாங்கி வருகிறான் பட்டதாரி. களவு கூடாதென மேடையில் முழங்குவோரின் மடிக்கணினியிலும் இதுவே நிலை. இதைச் சொல்வதாற் சிலர் மனம் நோகும், நோகட்டும்.

இவ்வளவும் தமிழில் எங்கே எழுதப்பட்டுள்ளது? தொழினுட்பத் தமிழ் பற்றிய உரைகளுக்குக் குறைவில்லை. ரீசெற் என்பதை மீளமைவு என்பதா, மீட்டமைவு என்பதா என நாட்கணக்கில் வாதிடலாம். மீளமைவு தோற்றவிடத்து என்ன செய்வதென ஒரு பக்கம் எழுதுவதற்குத்தான் ஆளில்லை. க.பொ.த. சாதாரண தரத்துத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியற் பாடத்திற் பணிசெயல் முறைமை ஓர் அலகாக உள்ளது. அதன் வரைவிலக்கணத்தையும் தொழிற்பாடுகளையும் மாணவன் மனனஞ் செய்து புள்ளி பெறுகிறான். நினைவக முகாமை, கோப்பு முகாமை, செயன்முறை முகாமை எனப் பட்டியல் சொல்லும் அவனுக்கு, அம்முறைமையைப் பொறியொன்றில் இடத் தெரியாது. உடலின் எலும்புகளை எண்ணத் தெரிந்து, முறிந்த கைக்குக் கட்டுப்போடத் தெரியாத வைத்தியம் இது.

இந்நிலைக்குக் காரணம் வசதியின்மை மாத்திரமன்று. கைவேலை பற்றிய இழிவெண்ணமே ஆழ்ந்த காரணம். திருகாணியைக் கழற்றுவது, பென்னில் நிறுவியை ஏற்றுவது, பொறியின் தொடக்கப் பட்டியலைத் திறப்பது ஆகியன ‘கடைப் பொடியன்களின் வேலை’ என ஒதுக்கப்பட்டுள்ளன. எழுதுவோன் மேல், செய்வோன் கீழ் என்னும் பழைய பிரிவினை கணினி அறைக்குள்ளும் புகுந்து குந்தியிருக்கிறது. தோணி ஓட்டுகிறவனுக்கு அதன் ஓட்டையை அடைக்கவும் தெரியும். இன்றேல் அவன் கடலுக்குப் போகமாட்டான். பாலமுனைக் கரையிலிருந்து தோணி தள்ளும் தந்தையின் மகன், பல்கலைக்கழகம் புகுந்ததும் தன் கருவியைத் தொட அஞ்சுகிறான் எனில், கல்வி அவனுக்கு ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைப் பறித்துள்ளது.

மறுப்புரைகள் மூன்று வழமையாக எழும். வாகனம் ஓட்டுவோனெல்லாம் மெக்கானிக் ஆகவேண்டுமா என்பது முதலாவது. வேண்டாம். ஆனால் மேலதிகச் சில்லு ஒன்றை ஏற்றிச்செல்லவும் அதனை மாற்றவும் அவன் அறிந்திருக்கிறான். பென்னிலுள்ள நிறுவி அந்தச் சில்லுக்கு மேலானதன்று. எல்லாம் இணையச் சேமிப்பில் இருக்க இந்த அச்சம் எதற்கு என்பது இரண்டாவது. இலவசச் சேமிப்பின் அளவு சிறிது. கள ஆய்வின் காணொளி இரண்டு மூன்றிலேயே அது நிரம்பிவிடும். அன்றியும், கோப்புகள் வானத்திற் பத்திரமாக இருப்பதாற் கையிலுள்ள பொறி எழுந்துவிடுவதில்லை.

மூன்றாவது மறுப்பே கவனத்துக்குரியது. ஆங்கிலம் படித்தால் எல்லாம் விளங்கும் என்கின்றனர். படிக்கவேண்டியதே. ஆயினும் ஒரு விடயத்தை இவர்கள் கவனிக்கவில்லை. விண்டோசுக்குத் தமிழ் இடைமுகப் பொதி உண்டு. பொத்தான்களும் பட்டியல்களும் தமிழிற் பேசும். அப்பொதி ஆங்கில முறைமையின்மேற் போர்த்த போர்வையே. நிறுவல் திரைகள் தமிழில் இல்லை. மீட்புத் திரையும் அவ்வாறே. நலமாயிருக்கையில் தமிழ் பேசும் பொறி, விழுந்தவுடன் ஆங்கிலம் பேசத்தொடங்குகிறது. மாறாக, உலகெங்குமுள்ள தன்னார்வலர் வளர்க்கும் டெபியன் முறைமையின் நிறுவி, எடுத்த எடுப்பிலேயே தமிழைத் தெரிய இடமளித்து, தட்டைப் பிரிப்பது உட்பட்ட வினாக்களைத் தமிழிலேயே கேட்கிறது. ஊதியம் பெறாத சிலர் அமர்ந்து மொழிபெயர்த்ததன் பயன் அது. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் அதனை ஒருமுறையேனும் ஓட்டிப் பார்த்து, அதிலுள்ள தமிழ் எளியதா கடியதா எனத் திறனாய்ந்திருப்பின், அது நூறு கலைச்சொற் கூட்டங்களுக்கு நிகராயிருக்கும்.

மீள்நிறுவலின் பின்னர் தமிழனுக்கு மட்டும் நேரும் ஓர் இழப்பும் உண்டு. இலங்கையில் இன்றும் பல அலுவலகங்களும் அச்சகங்களும் பள்ளிவாசல் நிருவாகங்களும் பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சுச் செய்கின்றன. பாமினி ஒருங்குறியன்று, ஆங்கில எழுத்துக்களின் இருக்கைகளில் தமிழ் உருவங்களை இருத்திய வேடம். புதிதாக நிறுவிய பொறியில் அவ்வெழுத்துரு இராது. ஆவணத்தைத் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துக்களின் குவியல் தெரியும். கோப்பு கெட்டுவிட்டதென எண்ணி அழித்தோரும் இருக்கலாம். எழுத்துருவைத் திரும்ப இட்டாற் தமிழ் திரும்பும். 1991இல் வெளியான ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. விண்டோஸ் 2000 தொட்டு எழுத்துரு தேடாமலே ஒருங்குறித் தமிழைப் படிக்கலாம். கால் நூற்றாண்டு கடந்தும் பாமினியிற் கிடக்கும் ஆவணங்கள், ஒவ்வொரு மீள்நிறுவலிலும் ஒருமுறை இறந்து பிழைக்கின்றன.

இன்னும் ஒரு பொறி விரிக்கப்பட்டிருக்கிறது. அதைச் சொல்லாது விடுதல் தகாது. அண்மைக்கால மடிக்கணினிகள் பலவற்றில், இன்ரெல் நிறுவனத்தின் சேமிப்புச் செலுத்தி மென்பொருளை வேறாக ஏற்றாவிடின், விண்டோஸ் நிறுவியின் கண்ணுக்குத் தட்டே தெரியாது. பட்டியல் வெறுமையாக இருக்கும். தட்டுச் செத்துவிட்டதென முடிவுகட்டிப் புதிய தட்டு வாங்கச்செய்த கதைகள் இதனின்றும் பிறப்பன. உற்பத்தியாளரின் தளத்திலிருந்து அச்சிறு கோப்பை இறக்கி, அதே பென்னில் வைத்து, நிறுவியில் ‘செலுத்தியை ஏற்று’ என்பதைத் தெரிந்தாற் தட்டுத் தோன்றும். தமிழில் இரண்டு வரியில் எழுதிவிடக்கூடிய இச்செய்தி எழுதப்படாமையின் விலை, ஒரு வன்தட்டின் விலை.

பழைய பொறிகளின் கதி அவசரமானது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்ரெல்லாயின் பொதுவாக எட்டாந் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோவான செயலியும் வேண்டும். மாமா அனுப்பியதும் மூத்தவர் கொடுத்ததும் பெரும்பாலும் அதற்கு முந்தியவை. அவற்றில் உள்ளமைந்த மீட்பு வெற்றிபெற்றாலும், அது மீட்டுத்தருவது 2025 ஒக்டோபருடன் பொது ஆதரவு ஒழிந்த விண்டோஸ் 10ஐயே. தனிநபர்க்கென அறிவிக்கப்பட்ட நீடித்த பாதுகாப்புத் திட்டம், பதிவுசெய்தோருக்கு ஓராண்டுத் தவணை மாத்திரமே வழங்கியது. பொறி நல்லது, முறைமைதான் கைவிடப்பட்டது. அத்தகைய பொறியில் லினக்ஸ் முறைமையொன்றை நிறுவி, ஒருங்குறித் தமிழில் எழுதி, ஆய்வறிக்கையை முடிக்க எத்தடையும் இல்லை. தடையென்று சொல்லப்படுவது, ‘எல்லோரும் பாவிப்பதையே பாவிக்கவேண்டும்’ என்பது. எல்லோரும் என்பவர் யாரெனக் கேட்டால் கடைக்காரரைக் காட்டுவர். கடைக்காரர் வாடிக்கையாளரைக் காட்டுவார்.

தமிழ்ச் சங்கங்கள் முத்தமிழ் விழா நடத்தட்டும், மலர் வெளியிடட்டும். அவற்றோடு ஆண்டுக்கொரு சனிக்கிழமை, மண்டபத்தின் கதவைத் திறந்து, பழுதுற்ற மடிக்கணினிகளை மேசைமேற் பரப்பி, முதலாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும் தம் கையாலேயே பென் ஒன்றை ஆக்கி, ஒரு பொறியையேனும் மீள நிறுவும்வரை வெளியே விடாதிருக்கலாம். அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் பல்லாண்டாகப் பொறி திருத்தும் இளைஞர் இருவரை அழைத்து, விரிவுரையாளர் அமரும் நாற்காலியில் அமர்த்திக் கற்பிக்கச் சொல்லலாம். நூலகத்தின் இரவல் மேசையில், புத்தகங்களோடு புத்தகமாக, நிறுவி ஏற்றிய பென்கள் சிலவற்றையும், படிப்படியாக எழுதிய தமிழ்த் தாளொன்றையும் வைக்கலாம். இதற்கு மானிய ஆணைக்குழுவின் அனுமதி தேவையில்லை. பென்களுக்கு ஆகும் செலவு, விழாவில் அதிதிகளுக்குப் போர்த்தும் பொன்னாடைகளின் செலவை எட்டாது.